அமைதி வலயமும் கீரிமலைக் கடலும்

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் பிதிர்க்கடன் முடித்துத் தீர்த்தமாடுகிறோமே, அந்தக் கடல் சென்று கலக்கும் இந்து சமுத்திரத்தைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு தீர்மானம் உண்டு.

1971 ஒக்டோபர் 12இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, அச்சமுத்திரத்தை அமைதி வலயமாக்குமாறு பொதுச்சபையில் கோரினார். வல்லரசுகளின் படைத்தளங்களும் அணுவாயுதங்களும் அங்கே வேண்டாம் என்பதே கோரிக்கையின் சாரம். சிறிய நாட்டுக்குச் சட்டத்தை விட்டால் வேறென்ன படை உண்டு?

டிசெம்பர் 16இல் 2832ஆம் தீர்மானம் நிறைவேறிற்று. ஆதரவு 61; எதிர்ப்பு ஒன்றுமில்லை; வாக்களியாது விலகியோர் 55. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா மூன்றும் அந்த 55இல் அடக்கம். அதே நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் எண்டர்பிறைஸ் போர்க்கப்பலும் அப்போது வங்காள விரிகுடாவுக்கு வந்திருந்தது. அந்த 55 நாடுகளின் மௌனத்தையே நான் உண்மையான விடையாகக் கொள்கிறேன்.

வலயம் என்ற சொல்லைக் கீரிமலைச் சனங்கள் பின்னர் வேறுவிதமாக அறிந்தார்கள். 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களின் ஊர் 'உயர்பாதுகாப்பு வலயம்' ஆயிற்று. உலகிடம் ஒரு வலயத்தைக் கேட்ட அரசே இங்கு மற்றதை வரைந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே பலர் படிப்படியாகத் திரும்பினார்கள்.