மையும் மூக்குக்கண்ணாடியும்

திருக்குறளின் காமத்துப்பாலில் ஒரு பெண், காதலனை நேரில் கண்டதும் அவன் குற்றம் எதுவும் தன் கண்ணில் படுவதில்லை என்கிறாள். அதற்கு அவள் தரும் உவமை 1285-ஆம் குறளில் இருக்கிறது. மை தீட்டும் நேரத்தில் கண்ணுக்குத் தன்மேல் படும் கோல் தெரிவதில்லையாம். உரைகாரர்கள் காதலை விளக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். தினமும் மை தீட்டிக்கொள்கிற ஒருத்தி கவனித்திருக்கக்கூடிய விஷயம் அது என்பது என் எண்ணம்.

கிட்டப்பார்வை உள்ளவளுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. மை தீட்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், கோலோடு சேர்ந்து சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியும் மங்கிவிடும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்று, நாம் எப்படித் தெரிகிறோம் என்று காட்டுவது. மற்றது, நமக்கு உலகம் தெரிவதற்காகப் போட்டுக்கொள்வது. கண்ணாடி அணிகிற பெண்களுக்கான ஒப்பனைக் குறிப்புகளை எந்த இதழில் படித்தாலும் முதல் கண்ணாடிக்காகவே எழுதப்பட்டிருப்பது தெரியும். 'கண்ணாடி போட்டாலும் அழகாகத் தெரியலாம்' என்கிற அந்த 'போட்டாலும்' எங்கிருந்து வந்தது?

மையிலிருந்தே தொடங்கலாம். சங்கப் பாடல்களில் மை தீட்டிய கண்ணுக்கு 'உண்கண்' என்று பெயர். மையை உண்ட கண். அந்த மை கடையில் வாங்கியதல்ல. சென்னையிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில், திண்டிவனத்துக்கு முன்னால் வரும் சின்ன நிலையம் ஒலக்கூர். அந்தப் பக்கத்துக் கிராம வீடுகளில் என் பாட்டி தலைமுறைவரை மை வீட்டில்தான் தயாரானது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்குவார்கள். விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் அந்தத் திரியை எரித்து, மேலே பித்தளைத் தட்டையோ புதுச்சட்டியையோ கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் படிந்திருக்கும் கரியை வழித்து, மறுபடி விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து மைச்சிமிழில் அடைப்பார்கள். மை குளிர்ச்சி என்றும் திருஷ்டி கழிக்கும் என்றும் நம்பினார்கள். கைக்குழந்தைக்கு மை வேண்டாம் என்று இன்றைய கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே சிமிழில் வீடு முழுக்க விரல் விட்டால் 'மெட்ராஸ் ஐ' வீடு முழுக்க வரும் என்பதும் உண்மை. ஆனாலும் அது பெண்கள் கையிலேயே இருந்த ஒரு தொழில்நுட்பம். பிறகு சென்னையிலிருந்து ஐடெக்ஸ் டப்பா வந்தது. அகலும் தட்டும் பரணுக்குப் போயின.

அந்த மையும் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்ததில்லை. கணவனை இழந்தவளிடமிருந்து பூ, பொட்டோடு மையையும் பறித்தார்கள். ஒருத்தியின் கண் யாருக்காக அழகாக இருக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

மூக்குக்கண்ணாடி வந்த வழி வேறு. தென்னிந்தியாவில் அதைப் பற்றிய மிகப் பழைய செய்திகளில் ஒன்று விஜயநகர காலத்தைச் சேர்ந்தது. வியாசதீர்த்தர் என்ற மத்வ மடத் துறவி கண்ணாடியின் துணையோடு சுவடி படித்ததை சோமநாதர் எழுதிய 'வியாசயோகி சரிதம்' சொல்கிறது. ஏறக்குறைய 1520-ஆம் ஆண்டு; போர்ச்சுகீசியர் கோவாவில் காலூன்றிவிட்ட காலம். அதாவது கண்ணாடி இங்கே வந்து உட்கார்ந்த முதல் மூக்குகளில் ஒன்று, சுவடி படிக்கும் உரிமை பெற்ற ஓர் ஆணுடைய மூக்கு. கிழக்கிந்தியக் கம்பெனி 1819-இல் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கிய பிறகும், கண்ணாடி என்றால் பண்டிதர், வக்கீல், கணக்கர் முகம்தான் நினைவுக்கு வந்தது. படிக்காதவளுக்குக் கண்ணாடி எதற்கு? ஊசியில் நூல் கோக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் கண் வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே பெண்ணின் முகத்துக்குக் கண்ணாடி வந்தபோது அது கல்வியின் அடையாளமாக வந்தது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். 1927-இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்தார். இன்று பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் அவர் முகம் கண்ணாடி அணிந்த முகம். அந்த முகத்தை மாணவிகள் மரியாதையோடு பார்த்திருப்பார்கள். கேலிச்சித்திரக்காரர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். படித்தவள், வாய் பேசுபவள், கல்யாணமாகாதவள் என்று காட்ட ஒரு வட்டக் கண்ணாடி வரைந்தால் போதும் என்றானது. தமிழ் சினிமாவின் கண்டிப்பான தலைமையாசிரியையும் விடுதிக் காப்பாளரும் அந்தச் சித்திரத்தின் பிள்ளைகள். ஆண் கண்ணாடி போட்டால் புத்திசாலி, பெண் போட்டால் 'சோடாபுட்டி'.

இந்தச் சொல்லின் விலை என்ன என்பதைப் பெண் பார்க்கும் படலத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் இது எழுதாத விதி: மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும். என் உறவினர் ஒருவர் மைனஸ் நான்கு பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவர். வந்திருந்தவர்கள் அவரை நன்றாகப் பார்த்தார்கள். யாருடன் வாழப்போகிறாரோ அந்த ஆளின் முகம் அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. 'மாப்பிள்ளைய எப்பம்மா சரியா பாத்த?' என்று நாங்கள் கேட்டால், 'தாலி கட்டி மூணாம் நாளு' என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். 1285-ஆம் குறளின் பெண்ணுக்குக் காதலனின் குற்றம் தெரியவில்லை என்றால் அது அன்பினால். இவருக்குத் தெரியவிடாமல் வைத்தது ஏற்பாடு.

மேற்கே நிலைமை இதைவிட நன்றாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1942-இல் வந்த 'நவ், வாயேஜர்' என்ற ஹாலிவுட் படத்தில் பெட்டி டேவிஸ் நடித்த பாத்திரம் அழகியாக மாறும்போது கண்ணாடி போய்விடுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் அழகி என்ற அந்தச் சூத்திரத்தை உலகச் சினிமா இன்றுவரை விடவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நியூயார்க்கில் அல்டினா ஷினாசி என்ற வடிவமைப்பாளர், கடைகளில் பெண்களுக்கு விற்ற கண்ணாடிகளின் சலிப்பூட்டும் வடிவத்தைப் பார்த்து, வெனிஸ் நகரத்து விழா முகமூடிகளை மனதில் வைத்து, ஓரங்கள் மேல்நோக்கி எழும் 'ஹார்லிக்வின்' பிரேமைச் செய்தார். இன்று 'கேட் ஐ' என்று விற்பது அதன் வழிவந்தது. எனக்குப் பிடித்த திருப்பம் இது. கண்ணாடியை மறைக்க வழி தேடாமல், அதையே அலங்காரமாக்கினார்.

ஆனால் வேலையிடம் அவ்வளவு எளிதில் மாறவில்லை. 2018 ஏப்ரலில் தென் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் இம் ஹியோன்-ஜு கண்ணாடியோடு காலைச் செய்தி வாசித்தது நாடு முழுக்கப் பேச்சானது. ஆண் வாசிப்பாளர்கள் எத்தனையோ ஆண்டுகளாகக் கண்ணாடியோடுதான் வாசித்து வந்தார்கள். தினமும் லென்ஸ் மாட்டி, பொய் இமை ஒட்டி, கண் காய்ந்து மருந்து விட்டுக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். மறு ஆண்டு ஜப்பானில் கடை வரவேற்பாளர்கள் உட்படப் பல பெண்கள், வேலை நேரத்தில் கண்ணாடி போடக்கூடாது என்று தங்களுக்கு மட்டும் விதி இருப்பதை வெளியே சொன்னார்கள். கண்ணாடி முகம் 'இறுக்கமாக' இருக்கிறதாம்.

இனி அந்த ஒப்பனைக் குறிப்புகளுக்கு வரலாம். அவற்றில் பாதி ஒளியியல். அது நமக்குப் பயன்படும். கிட்டப்பார்வைக்கான மைனஸ் லென்ஸ், பார்ப்பவருக்கு நம் கண்ணைச் சிறிதாகக் காட்டும். கீழிமையின் உள்விளிம்பில் அழுத்தமாக மை இழுத்தால் கண் இன்னும் சுருங்கித் தெரியும். மேலிமையில் மட்டும் தீட்டினால் திறந்து தெரியும். பிளஸ் லென்ஸ் கண்ணையும் பெரிதாக்கும், கலைந்த மையையும் பெரிதாக்கும். இமையை நீளமாக்கும் மஸ்காரா லென்ஸில் உரசிக் கோடு போடும். சித்திரை வெயிலில் மூக்கின் மேல் பூசிய பவுடர் கண்ணாடியின் மூக்குப்பட்டையோடு வழுக்கும். அங்கே பூசாமல் விடுவது நல்லது. முந்தானையில் லென்ஸைத் துடைக்காதீர்கள், கீறல் விழும். சோப்புத் தண்ணீரில் அலசி மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றுங்கள். மை தீட்டுவதற்கென்றே ஒவ்வொரு லென்ஸும் தனித்தனியாகக் கீழே மடங்கும் கண்ணாடி கிடைக்கிறது. ஒரு கண் பார்க்க, மற்றக் கண்ணுக்குத் தீட்டலாம். வள்ளுவர் சொன்ன சிக்கலில் பாதியையாவது அது தீர்க்கிறது.

மறுபாதி வெட்கம். 'கண்ணாடி இருப்பது தெரியாதபடி', 'கவனத்தை உதட்டுக்குத் திருப்ப' என்று வருகிற வரிகள் அலமாரியில் ஒளித்துவைத்த அந்தக் கண்ணாடியின் தொடர்ச்சி. பிடித்திருந்தால் உதட்டுச்சாயம் பூசுவோம், யாருடைய கவனத்தையும் எங்கும் திருப்புவதற்காக அல்ல. ஒப்பனையே அடிமைத்தனம் என்று சொல்லும் தோழிகளோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. விதவையிடமிருந்து மையைப் பறித்த ஊரில், தனக்காக மை தீட்டிக்கொள்வதற்கும் ஒரு அர்த்தம் உண்டு.

வெட்கத்தின் கணக்கு அழகோடு முடிவதில்லை. உலகில் பார்வைக் குறையோடு வாழ்பவர்களில் சுமார் 55 சதவீதம் பெண்கள். மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 2003-இல் புதுச்சேரிக்கு வந்தது. திண்டிவனம் பக்கத்துப் பெண்களுக்கு அது எட்டும் தூரம். பள்ளிகளில் கண் பரிசோதித்து இலவசக் கண்ணாடியும் தருகிறார்கள். வாங்கிய கண்ணாடியைப் புத்தகப்பைக்குள் வைத்துவிட்டு, கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிற மாணவியை ஆசிரியைகளுக்குத் தெரியும்.

நாற்பதைத் தாண்டியதும் வரும் வெள்ளெழுத்துக்கு, பாட்டிமார் மொழியில் சாளேஸ்வரத்துக்கு, இந்தக் கேலிகூட இல்லை. அதை யாரும் கவனிப்பதே இல்லை. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். பாதிப் பேருக்கு உடனே கிட்டத்தில் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டுப் பறித்தவர்களின் விளைச்சல், போடாதவர்களுடையதைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு அது கையில் விழும் காசு.

ஒலக்கூர்ப் பக்கம் தேயிலை இல்லை, மல்லாட்டை இருக்கிறது. விதைக்கு எடுக்கும் பயிரில் சொத்தையும் சுருங்கியதும் பொறுக்கி எறிய, திண்ணையில் முறத்தோடு உட்காருவது பெரும்பாலும் வயதான பெண்கள். முறத்தைக் கைநீட்டித் தள்ளி வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பொறுக்குவார்கள். திருவிழாக் கடையில் வாங்கிய பிளஸ் இரண்டு கண்ணாடி வீட்டுக்காரருடைய சட்டைப்பையில் இருக்கும், அவர் பேப்பர் படிப்பதற்காக.