துரைக்குமேல் ஒரு கண்

பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகிற சாலையில் கெல்லிஸ் கோட்டையைப் பார்க்க நிற்பவர்கள், பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். சாமி சிலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரத் துரையும் இருக்கிறார். அவர்தான் வில்லியம் கெல்லி ஸ்மித், கின்டா கெல்லாஸ் தோட்டத்தின் முதலாளி. 1915-ல் அந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கியவர், 1926-ல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்துபோனார். மின்தூக்கிக்கென்று விட்ட குழி இன்றும் வெறும் குழிதான். அவர் மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனிக்கு விற்றுவிட்டார். எல்லாப் பாரமும் ஒரே மனிதர் தலையில் இருந்தது. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்க அங்கே யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே இன்று பல்கலைக்கழகங்கள் மூத்த நிர்வாகி ஒருவரை நியமிக்கின்றன. நிர்வாக நெறியையும் இடர்களையும் கவனிப்பவர் என்று அவருக்கு நீளமான பட்டம். இந்தப் பதவி பிறந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் ஆரம்பிப்பார்கள். ஜிஇ கேப்பிட்டல் நிறுவனத்தில் 1993-ல் ஜேம்ஸ் லாம் என்பவர் 'தலைமை இடர் அதிகாரி' ஆனார், உலகத்திலேயே அந்தப் பட்டத்தை முதலில் சூடியவர் அவரே என்பார்கள். எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். பட்டம் அங்கே பிறந்திருக்கலாம். வேலை அதற்கு வெகு காலம் முன்பே நம் ரப்பர் காட்டில் நடந்துகொண்டிருந்தது.

அன்று தோட்டத்தில் மேலாளரான பெரிய துரைதான் ராஜா. பெரட்டுக்களத்தில் அவர் சொன்னது சட்டம். ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் ஆண்டுக்கு ஓரிரு முறை காரில் வந்து இறங்குவார். அவருக்கு 'விசிட்டிங் ஏஜெண்ட்' என்று பெயர், சுருக்கமாக வி.ஏ. அவரும் பழம் தின்று கொட்டை போட்ட தோட்டக்காரர்தான். அவருடைய அறிக்கை போனது பெரிய துரையின் மேசைக்கல்ல, தோட்டத்தை நிர்வகித்த ஏஜென்சி வழியாக லண்டன் இயக்குநர்களுக்கு.

அவர் முதலில் பார்ப்பது மரத்தின் பட்டையை. இந்த வருஷம் பால் அதிகம் காட்டித் துரை நல்ல பேர் வாங்க வேண்டுமென்றால் அதற்குக் குறுக்கு வழி உண்டு. பட்டையை ஆழமாகச் சீவச் சொன்னால் போதும், மங்கு நிறையும், கணக்கும் அழகாக இருக்கும். ஆனால் சீவிய பட்டை திரும்ப வளரப் பல வருஷம் பிடிக்கும். கத்தி அளவு மீறி இறங்கிவிட்டால் மரத்தில் காயம் விழும், அந்த இடம் முண்டு தட்டும், அடுத்த சுற்றில் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. பால் கணக்குப் புத்தகத்தில் தெரியாத இந்த நஷ்டம், மரத்துக்கு முன்னால் குனிந்து நிற்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். பிறகு செக்ரோல், அதாவது ஆள்பேர்ப் பதிவேடு. பேர் எழுதுகிறவரே சம்பளமும் பட்டுவாடா செய்தால், ஆளே இல்லாத பேருக்கும் கூலி விழும்.

இதே ஓட்டைதான் 1995-ல் சிங்கப்பூரில் ஒரு வங்கியையே விழுங்கியது. பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன் வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தின் கணக்கையும் அவரே பார்த்தார். நஷ்டம் 82 கோடி பவுனுக்கு மேல். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இடர் மேலாண்மைக்கென்று ஒரு தரநிலையை வெளியிட்டன. 2001-ல் இங்கிலாந்தின் உயர்கல்வி நிதி மன்றம் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி போட்டது. வங்கியில் கிளம்பியது வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

நம் சமூகத்துக்கு இந்தப் பாடம் வேறு விதமாக வந்தது. 1980-களில் இந்தியச் சமூகத்துக்கென்று தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸின் பங்குகளைத் தோட்டத் தொழிலாளிகள் உட்பட சுமார் 66,000 பேர் வாங்கினார்கள். திரண்டது பத்துக் கோடி ரிங்கிட்டுக்கு மேல். போட்ட பணமே திரும்புமா என்று தவித்த நிலையில், 2010-ல் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் தருவதாக ஒருவர் முன்வந்தபோது, அதுவாவது வந்ததே என்றுதான் பலர் பேசிக்கொண்டார்கள்.

விதிகள் பிறகுதான் வந்தன. மலேசிய அரசு 2013-ல் ஒரு சுற்றறிக்கை மூலம் எல்லா அரசு நிறுவனங்களிலும் நேர்மைப் பிரிவு அமைக்கச் சொன்னது. அந்தப் பிரிவின் வேலைகளில் நிர்வாக நெறியும் ஒன்று. தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டப்படி கம்பெனிகள் நடத்துபவை. அவற்றை அசைத்தது ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு. 2020 ஜூன் 1-ல் அது அமலுக்கு வந்தது. ஊழியர் ஒருவர் கம்பெனிக்காக லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி. லஞ்சத்தைப்போல் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம், 20 வருஷம்வரை சிறை, அல்லது இரண்டும். இயக்குநர்களும் எளிதில் தப்ப முடியாது. லஞ்சத்தைத் தடுப்பதற்குப் போதுமான ஏற்பாடு செய்திருந்தோம் என்று நிரூபிப்பது ஒன்றுதான் கம்பெனிக்கு வழி. அந்த ஏற்பாடுகளில் இடர்களை மதிப்பிடுவதும் அடக்கம். அதற்கு ஓர் ஆள் வேண்டும். சட்டத்துக்குப் பயந்து பிறந்த நாற்காலி என்றாலும், பிறந்தது நல்லதுதான்.

அந்த நாற்காலியில் அமர்கிறவர் கையில் இருப்பது ஒரு பதிவேடு. ஒரு வரியில் ஓர் ஆபத்து: தேர்வுத்தாள் கசிவது, ஆய்வுக்கூடத்தில் தீ, ஒரு படிப்பின் அங்கீகாரம் போவது. நடக்கும் வாய்ப்புக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், பாதிப்புக்கும் அப்படியே. இரண்டையும் பெருக்கி 20, 25 என்று வந்தால் கட்டம் சிவப்பு. பக்கத்திலேயே அதைச் சரிசெய்யப் பொறுப்பானவர் பெயரும் கெடுத் தேதியும் இருக்கும். விரிவுரையாளர் எண்ணிக்கைக்கு மீறி மாணவர்களைச் சேர்ப்பது பட்டையை ஆழமாகச் சீவுவதற்குச் சமம். இந்த வருஷக் கணக்கில் அது லாபமாகத்தான் தெரியும்.

துணைவேந்தர் நியமித்து, துணைவேந்தருக்கே அறிக்கை கொடுத்து, துணைவேந்தரே பதவி உயர்வு தருவதாக இருந்தால் அந்தப் பதிவேட்டில் சிவப்புக் கட்டம் அதிகம் இருக்காது. வி.ஏ. வரும் தேதி முன்கூட்டியே தெரிந்தால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்துவைப்பார்கள் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்தச் சுண்ணாம்புக்குப் பல்கலைக்கழகத்திலும் பஞ்சமில்லை. இயக்குநர் வாரியத்தின் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாகப் போகாத அறிக்கையை நான் அறிக்கையாகவே மதிக்கமாட்டேன்.

பத்து காஜாவைச் சுற்றி ஸ்ரீ இஸ்கண்டார், கம்பார், ஈப்போ என்று எந்தப் பக்கம் போனாலும் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோர் கட்டணமும் விடுதியும் மட்டும் விசாரித்துவிட்டு, பிடிபிடிஎன் கடன் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இங்கே இடர்களைக் கவனிப்பவர் யார், அவர் யாருக்கு அறிக்கை கொடுக்கிறார் என்று கேளுங்கள். முகப்பில் இருப்பவருக்குத் தெரியவில்லையென்றால் பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள்.