மீரட் தூக்கிலிடுவோர் குடும்பம்

மீரட் தூக்கிலிடுவோர் குடும்பம் என்பது இந்தியாவின் உத்தரப் பிரதேச மாநிலத்திலுள்ள மீரட் நகரைச் சேர்ந்த, நான்கு தலைமுறைகளாகச் சிறைகளில் மரண தண்டனையை நிறைவேற்றி வந்த குடும்பமாகும். இலட்சுமண், அவருடைய மகன் கல்லு, கல்லுவின் மகன் மம்மு, மம்முவின் மகன் பவன் ஆகியோர் இப்பணியைச் செய்தவர்கள். இந்தியில் தூக்கிலிடுபவரை "ஜல்லாத்" என்பர். அச்சொல்லே இக்குடும்பத்தாருக்குப் பெயரின் பின்னொட்டாக வழங்குகிறது; செய்தித்தாள்கள் பவனைப் "பவன் ஜல்லாத்" என்றே குறிப்பிடுகின்றன.

தலைமுறைகள்

1931 மார்ச் 23 அன்று இலாகூர் மத்திய சிறையில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் ஆகியோரைத் தூக்கிலிட்டவர் இலட்சுமணே என்பது இக்குடும்பத்தாரின் கூற்று. இதனை முழுமையாக ஏற்க இயலாது. பாகிசுத்தானில் இதே தொழிலைச் செய்து வரும் மசீக் குடும்பமும் தம் முன்னோர் ஒருவரே பகத்சிங்கைத் தூக்கிலிட்டார் என்று கூறி வருகிறது. 1979 ஏப்ரல் 4 அன்று இராவல்பிண்டியில் சுல்பிகார் அலி பூட்டோவைத் தூக்கிலிட்ட தாரா மசீக் அக்குடும்பத்தைச் சேர்ந்தவர். எல்லையின் இருபுறமும் உள்ள இரு குடும்பங்கள் பழிக்குரிய ஒரு செயலுக்கு உரிமை கோருவது வியப்புக்குரியது.

கல்லுவின் பணி குறித்த செய்திகள் தெளிவானவை. தில்லி திகார் சிறையில் 1982 சனவரி 31 அன்று ரங்கா, பில்லா இருவரையும், 1989 சனவரி 6 அன்று இந்திரா காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சத்வந்த் சிங், கேகர் சிங் இருவரையும் பக்கீரா என்னும் மற்றொருவருடன் சேர்ந்து அவர் தூக்கிலிட்டார். மம்மு 2011-இல் இறந்தார். மும்பைத் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட கசாப்பைத் தூக்கிலிட வேண்டும் என்ற தம் விருப்பத்தை அவர் வெளிப்படையாகவே கூறியிருந்தார்.

நிறைவேறாத தண்டனை

பவன், மிதிவண்டியில் துணி விற்றுப் பிழைத்தவர். சிறுவயதில் பாட்டனார் கல்லுவுடன் சென்று தொழில் கற்றதாகக் கூறியுள்ளார். உத்தரப் பிரதேச அரசு அவருக்கு மாத மதிப்பூதியம் வழங்கியது. தொடக்கத்தில் 3,000 ரூபாயாக இருந்த அத்தொகை பின்னர் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

2014 செப்டம்பரில் நிதாரி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சுரேந்திர கோலியை மீரட் சிறையில் தூக்கிலிடும் பொறுப்பு பவனுக்கு வந்தது. ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்த வேளையில், செப்டம்பர் 8 அன்று நள்ளிரவு கடந்த பின் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. கருணை மனு மீதான காலத்தாழ்ச்சியைக் காரணம் காட்டி 2015 சனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2023 அக்டோபரில் அந்நீதிமன்றமே கோலியைப் 12 வழக்குகளிலிருந்து விடுவித்தது. எஞ்சியிருந்த ஒரே வழக்கிலும், அதாவது 2014-இல் எதற்காகத் தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டதோ அதே வழக்கில், 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த இரவில் ஆணை சில மணி நேரம் தாமதித்திருந்தால் இவ்விடுதலைக்குப் பொருளே இருந்திராது.

2020 திகார்

2012 தில்லி பாலியல் வன்கொலை வழக்கில் தண்டனை பெற்ற நால்வரைப் பவன் 2020 மார்ச் 20 அன்று அதிகாலை 5.30 மணிக்குத் திகார் சிறையில் தூக்கிலிட்டார். அதற்கு முன் சனவரி 22, பிப்ரவரி 1, மார்ச் 3 எனக் குறிக்கப்பட்ட மூன்று நாட்களும் தள்ளிப்போயின. தில்லியில் தூக்கிலிடுபவர் எவரும் இல்லாமையால் திகார் நிருவாகம் உத்தரப் பிரதேசச் சிறைத்துறையிடம் ஆள் கேட்டே அவரைப் பெற்றது. ஒருவருக்கு 15,000 ரூபாய் வீதம் அவருக்கு ஊதியம் வழங்கப்பட்டதாகச் செய்திகள் தெரிவித்தன.

செயல்முறை

கைதியின் எடைக்கேற்பக் கயிற்றின் வீழ்ச்சி நீளம் கணக்கிடப்படுகிறது. நீளம் குறைந்தால் மூச்சுத் திணறி மெல்ல இறக்க நேரும். மிகுந்தால் தலை துண்டாகிவிடும். கழுத்தெலும்பு முறிந்து உடனே நினைவிழக்கச் செய்யும் இந்த "நெடுவீழ்ச்சி" முறையை 1872-இல் இங்கிலாந்தில் வில்லியம் மார்வுட் நடைமுறைப்படுத்தினார். முன்னதாக மணல் மூட்டையைத் தொங்கவிட்டு ஒத்திகை பார்ப்பர். இந்தியச் சிறைகளுக்கான தூக்குக் கயிறு பீகாரின் பக்சார் மத்திய சிறையில் கைதிகளால் திரிக்கப்படுகிறது.

பிற குடும்பங்கள்

கொல்கத்தாவின் நாட்டா மல்லிக் 2004 ஆகஸ்ட் 14 அன்று அலிப்பூர் சிறையில் தனஞ்சய் சட்டர்ஜியைத் தூக்கிலிட்டார். அவருடைய தந்தை சிவலாலும் அதே பணி செய்தவர். கயிறு வழுக்குவதற்காகச் சோப்பு, நெய், கனிந்த வாழைப்பழம் ஆகியவற்றைப் பூசுவது அவர் வழக்கம். தம் பேரனுக்கு அரசு வேலை தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கையாக இருந்தது. மல்லிக் 2009-இல் இறந்தார். சட்டர்ஜி வழக்கின் சான்றுகள் வலுவற்றவை என்று கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகப் பேராசிரியர்கள் இருவர் பின்னர் நூல் எழுதி வாதிட்டனர்.

இங்கிலாந்தில் பியர்பாயின்ட் குடும்பம் இவ்வாறே புகழ்பெற்றது. ஹென்றி, அவருடைய அண்ணன் தாமசு, ஹென்றியின் மகன் ஆல்பர்ட் ஆகிய மூவரும் 1901 முதல் 1956 வரை இப்பணியில் இருந்தனர். இந்தியருக்கும் இக்குடும்பத்துக்கும் தொடர்புண்டு. கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்கராவை 1909 ஆகஸ்ட் 17 அன்று இலண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிட்டவர் ஹென்றி. அதே சிறையில் 1940 சூலை 31 அன்று உதம்சிங் தூக்கிலிடப்பட்டபோது ஆல்பர்ட் உதவியாளராக இருந்தார். ஆல்பர்ட் 1950-இல் தூக்கிலிட்ட திமோத்தி எவான்சுக்கு 1966-இல் இறப்புக்குப் பிந்தைய மன்னிப்பு வழங்கப்பட்டது. 1953-இல் தூக்கிலிட்ட டெரக் பென்ட்லி மீதான தீர்ப்பு 1998-இல் நீக்கப்பட்டது. மரண தண்டனையால் பழிதீர்ப்பதைத் தவிர வேறு பயன் விளைவதில்லை என்று ஆல்பர்ட் 1974-இல் வெளியான தன்வரலாற்றில் எழுதினார். கோலியின் வழக்கையும் எவான்சின் வழக்கையும் பிரிப்பது காலம் மட்டுமே.

தமிழ்நாட்டிலும் அண்டைப் பகுதிகளிலும்

திருவிதாங்கூரில் தூக்கிலிடுபவரை "ஆராச்சார்" என்று அழைத்தனர். நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரத்தைச் சேர்ந்த ஜனார்த்தனன் பிள்ளை அப்பணியில் 117 பேரைத் தூக்கிலிட்டவராகக் குறிப்பிடப்படுகிறார். சசி வாரியர் எழுதிய ஆங்கிலப் புதினம் அவருடைய வாழ்வைத் தழுவியது. திருவிதாங்கூர் ஆராச்சார் ஒருவரின் மனச்சாட்சியை அடூர் கோபாலகிருஷ்ணனின் "நிழல்குத்து" (2002) திரைப்படமும், கொல்கத்தா மல்லிக் குடும்பத்தைப் போன்றதொரு குடும்பத்தைக் கே. ஆர். மீராவின் "ஆராச்சார்" மலையாளப் புதினமும் கருவாகக் கொண்டுள்ளன.

தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் "ஆட்டோ" சங்கர்; சேலம் மத்திய சிறையில் 1995 ஏப்ரல் 27 அன்று அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. இலங்கையில் இப்பணியாளருக்கு "அலுகோசு" என்று பெயர். இது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். அங்கு 1976 சூனுக்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் பணியிடம் நீக்கப்படவில்லை. 2014-இல் அதற்கு அமர்த்தப்பட்ட ஒருவர் பயிற்சியின்போது தூக்கு மேடையைக் கண்டவுடன் வேலையை விட்டு விலகினார். 2019-இல் மீண்டும் விளம்பரம் செய்யப்பட்டபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர்.