டிக்கியில் போட்டுக் கொடுத்த இறக்கை

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயரைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் அவனைக் கலாய்க்க ஆரம்பித்துவிடுவீர்கள், ஆகவே சொல்லவில்லை. "சார், செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் கார் எடுத்திருக்கேன். ரெண்டே கதவு. வாரம் பூரா ஆபீசுக்கு ஓட்டுவேன். மாசத்துல ஒரு ஞாயிறு செட்டிபாளையம் டிராக்குக்குக் கொண்டுபோவேன். அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தப் போறேன். பின் சீட்டைக் கழட்டிட்டு இரும்புக் கூண்டு போடலாம்னு இருக்கேன்" என்றான். அரைமணி நேரம் கழித்து அவன் அம்மா போன். "நீங்க சொன்னா கேப்பான் சார், வேண்டாம்னு சொல்லுங்க." அந்த அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அவனுக்கு நாற்பத்திரண்டு.

வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான்; கதை சொல்லாமல் எதையும் முடித்ததில்லை. அவனுக்குச் சொன்ன கதையையே இங்கேயும் எழுதுகிறேன்.

ஆடம்பரமான இரண்டு கதவுக் காரை எடுத்து, அதைச் சாலைக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து மாற்றுவது இன்று நேற்று வந்த ஆசை இல்லை. அதற்கு ஒரு காரை உதாரணமாகக் காட்டு என்றால் 1968இல் வந்த பி.எம்.டபிள்யூ 2800 சி.எஸ். காரைத்தான் காட்டுவேன். ஆறு சிலிண்டர் எஞ்சின், மெல்லிய தூண்கள், பெரிய கண்ணாடிகள், உள்ளே மரப் பலகை. டாக்டர்களும் தொழிலதிபர்களும் வாங்கிய வண்டி. அதன் உடலைக் கட்டியது கார்மன் என்ற நிறுவனம். அழகாகக் கட்டினார்கள், ஆனால் துரு அதை அப்படித் தின்றது. இன்று அந்தக் காரைத் தேடிப் போகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் அடித்தட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள்.

இந்த வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனதில் முதல் வரிசையில் நிற்பவர் புர்க்கார்ட் போவென்சீபன். ஜெர்மனியில் பூக்லோ என்ற சின்ன ஊர்க்காரர். குடும்பத் தொழில் தட்டச்சு இயந்திரம் செய்வது. அதன் பெயர் ஆல்பினா. அந்தப் பட்டறையின் ஓரத்தில் இவர் பி.எம்.டபிள்யூ 1500 காருக்கு இரட்டை வெபர் கார்புரேட்டர் பொருத்தி விற்க ஆரம்பித்தார். தட்டச்சு இயந்திரம் போனது, பெயர் மட்டும் கார்களில் ஒட்டிக்கொண்டது. 1970இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணிநேரப் பந்தயத்தில் ஆல்பினா தயார் செய்த 2800 சி.எஸ். முதலாவதாக வந்தது. ஓட்டியவர்கள் குந்தர் ஹூபரும் ஹெல்முட் கெல்லெனர்ஸும்.

அடுத்த ஆண்டு அதே ஸ்பாவில் இன்னொரு வேடிக்கை. இது இரண்டு கதவு இல்லை, நான்கு கதவு, இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆஃப்ரெக்ட், மெல்கர் என்ற இரு பொறியாளர்கள் 1967இல் தொடங்கிய ஏ.எம்.ஜி. என்ற சிறு பட்டறை, மந்திரிகள் போகிற மெர்சிடிஸ் 300 எஸ்.இ.எல். 6.3 காரை எடுத்து, எஞ்சினை 6.8 லிட்டராகப் பெருக்கி, 250 குதிரைத்திறனை 428 ஆக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது. ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அது இரண்டாவதாக வந்து தன் பிரிவில் வென்றது. அதற்குக் கிடைத்த செல்லப் பெயர் 'சிவப்புப் பன்றி'. பின்னால் அந்தக் காரை மாத்ரா நிறுவனம் வாங்கி விமானச் சக்கரங்களைச் சோதிக்க ஓட்டியது. ஓடுபாதையில் விமானத்தின் வேகத்துக்கு ஓட அதற்குத்தான் பலம் இருந்ததாம்! இன்று காட்சியில் இருப்பது மறுபடி செய்த நகல்.

ஆனால் பி.எம்.டபிள்யூவுக்கு அப்போது ஒரு தலைவலி இருந்தது. 1971, 72 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை ஃபோர்டு காப்ரி ஓட்டிகள் தட்டிக்கொண்டு போனார்கள். காப்ரி லேசான வண்டி. பி.எம்.டபிள்யூ கனமான சீமாட்டி. பலத்தைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பது மேல் என்பதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! எஞ்சின் பலம் நேர்ச் சாலையில்தான் உதவும். எடை குறைந்தால் கிளம்பும்போதும், திரும்பும்போதும், நிற்கும்போதும் உதவும்.

பந்தய விதிப்படி கடைக்காரரிடம் ஆயிரம் வண்டி விற்றிருந்தால்தான் அதைப் பந்தயத்தில் இறக்க முடியும். ஆகவே 1971இல் 3.0 சி.எஸ்.எல். பிறந்தது. கடைசி எழுத்து 'லேசு' என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. மெல்லிய தகடு, கதவு, பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம், சத்தத்தை அடக்கும் பஞ்சு கிடையாது, கண்ணாடி இறக்க மோட்டார் கிடையாது. சுமார் 200 கிலோ குறைந்தது. நம் மாணவன் பின் சீட்டைக் கழற்றிச் செய்ய நினைப்பதை அவர்கள் தொழிற்சாலையிலேயே செய்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இங்கிலாந்துக்குப் போன 500 வண்டிகள். இவ்வளவு விலை கொடுத்துக் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குவதா என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பயந்து, கழற்றிய சொகுசுகளில் பலவற்றைத் திரும்பப் பொருத்தி அனுப்பினார்கள். எடை குறைப்பதற்கென்றே செய்த வண்டியில் எடையை ஏற்றி விற்ற கதை! சாலைக்கும் பந்தயத்துக்கும் ஒரே வண்டி என்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த 500 கார்களுக்குள் அடங்கியிருக்கிறது.

1972 மே மாதம் பி.எம்.டபிள்யூ பந்தயத்துக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. அதை நடத்த, தங்களைத் தோற்கடித்துக்கொண்டிருந்த ஃபோர்டிலிருந்தே யோகன் நீர்பாஷ் என்பவரைக் கூட்டி வந்தார்கள். இன்று அவிநாசி ரோட்டில் போகிற பல கார்களின் பின்னால் ஒட்டியிருக்கும் 'எம்' எழுத்துக்கு அதுதான் தாய்வீடு. ஒட்டியிருப்பவை எல்லாம் அசலா என்று கேட்காதீர்கள்.

வேகம் கூடியபோது புதுத் தொல்லை. மேடான கூரை கொண்ட கார் வேகமாகப் போகும்போது மேலே ஓடும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். சக்கரம் தரையை அழுத்தாவிட்டால் உராய்வு இல்லை, உராய்வு இல்லாவிட்டால் திருப்பம் இல்லை. காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து, முன்னால் தாழ்ந்த உதடு, பானெட்டின் இரு ஓரத்திலும் நீளமான துடுப்புகள், கூரையின் பின்விளிம்பில் ஒரு தடுப்பு, டிக்கி மேல் பெரிய இறக்கை என்று பொருத்தினார்கள். 1973 ஜூலையில் நியூர்பர்க்ரிங்கில் அந்த இறக்கையோடு இறங்கிய வண்டியில் ஹான்ஸ் ஸ்டுக்கும் கிறிஸ் ஏமனும் வென்றார்கள். பத்திரிகைகள் அதற்கு 'பேட்மொபீல்' என்று பெயர் வைத்தன. அந்த ஆண்டுப் பட்டம் சி.எஸ்.எல். ஓட்டிய டோய்ன் ஹெஸெமான்ஸுக்கு.

சரி, அதே இறக்கையைச் சாலை வண்டியிலும் விற்றாக வேண்டுமே? ஜெர்மன் சாலைச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இறக்கையைக் கழற்றி டிக்கிக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்வது அவர் பாடு.

இதைக் கேட்டு மாணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நானும் அப்படியே டிக்கியில வெச்சுக்கறேன் சார்" என்றான். அப்போதுதான் அடுத்த பகுதியைச் சொன்னேன்.

அந்த நாளில் ஸ்பா பந்தயப் பாதை என்பது தனியாகக் கட்டியது இல்லை. 14 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி ஊர் மக்கள் தினமும் போகிற சாலை. ஓரத்தில் வீடு, மரம், கம்பம். சாலையும் டிராக்கும் உண்மையிலேயே ஒன்றாக இருந்த இடம் அது. 1973 ஜூலையில் நடந்த 24 மணிநேரப் பந்தயத்தில் சி.எஸ்.எல். வென்றது, ஓட்டியவர்கள் ஹெஸெமான்ஸும் டீட்டர் க்வெஸ்டரும். அதே பந்தயத்தில் ஆல்பினாவின் சி.எஸ்.எல். ஓட்டிய ஹான்ஸ்-பீட்டர் யோய்ஸ்டன் ஓர் ஆல்ஃபா ரோமியோவுடன் மோதி இறந்தார். அதை ஓட்டிய ரோஜே டுபோவும் இறந்தார். அதே வார இறுதியில் மாஸிமோ லாரினி என்ற மூன்றாவது ஓட்டிக்கும் உயிர் போகும் அளவுக்கு அடிபட்டது. வென்ற வண்டியின் படம் இன்றும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. மற்றவர்களைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. 1979இல் அந்தப் பாதையை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள்.

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப என்னதான் சார் பண்றது?" என்றான்.

முதலில் பிரேக்கைப் பார் என்றேன். 1,500 கிலோ கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் 18 லட்சத்து 75 ஆயிரம் ஜூல். ஒரு தடவை நிறுத்தினால் அது முழுவதும் வெப்பமாக வேண்டும். ஆறு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. 90இல் போனால் பாதி என்று நினைக்காதீர்கள், கால்பங்குதான். வேகத்தின் வர்க்கம் என்று கரும்பலகையில் எழுதியது நினைவிருக்கிறதா? ஆபீசுக்குப் போகும்போது எப்போதோ வருவது, டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை வரும். பழைய காரில் பிரேக் எண்ணெய் வருஷக்கணக்கில் ஈரத்தைக் குடித்திருக்கும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. எண்ணெய், பட்டை, டயர், பழைய ரப்பர் புஷ்கள். இவற்றை மாற்றாமல் எஞ்சினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதே என்றேன்.

கூண்டு வேண்டாம் என்று கண்டிப்பாகவே சொன்னேன். ஹெல்மெட்டும் பந்தய பெல்ட்டும் போட்டவனுக்குத்தான் அது காவல். அவிநாசி ரோட்டில் வெறும் தலையோடு போகிறவன் பின்னால் யாராவது இடித்தால், அந்த இரும்புக் குழாய்தான் முதலில் மண்டையில் படும். நம் சட்டமும் ஜெர்மன் சட்டத்துக்கு இளைத்ததில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாதாரண இன்சூரன்சில் பந்தயமும் வேகச் சோதனையும் சேராது. டிராக்கில் ஓட்டிச் சுவரில் இடித்தால் செலவு உன்னுடையது.

இன்னொரு பெயரைச் சொல்லி முடிக்கிறேன். அந்தச் சிவப்புப் பன்றியை 1971இல் ஓட்டிய இருவரில் ஒருவர் ஹான்ஸ் ஹேயர். பதின்மூன்று வருஷம் கழித்து, 1984இல், அதே ஸ்பாவில் அவர் இருந்த அணி ஜெயித்தது. வண்டி எது? ஜாகுவார் எக்ஸ்.ஜே.எஸ். பன்னிரண்டு சிலிண்டர், சீமான்கள் சாவகாசமாக ஓட்டும் இரண்டு கதவுக் கார்! தயார் செய்தவர் டாம் வாக்கின்ஷா. அந்த ஆண்டு ஐரோப்பிய சாம்பியனும் அவரே.

நேற்று மாணவன் மறுபடி பேசினான். கூண்டு யோசனையை விட்டுவிட்டான். பிரேக் எண்ணெயைத் திறந்து பார்த்தால் காபி நிறத்தில் இருந்ததாம். அம்மாவிடம் காட்டியிருக்கிறான், "இதை மாத்தாமயா இத்தனை நாள் என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனே?" என்று திட்டு வாங்கியிருக்கிறான். அடுத்த மாதம் செட்டிபாளையத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறான். அம்மாவும் வருகிறாராம். பின் சீட்டில் இடம் எனக்குத்தான், அதனால் கழற்றாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.