பெட்டி ட்வாரோக்

பெட்டி மாக் ட்வாரோக் (1927–2013) அமெரிக்க உயிர்வேதியியலாளர். பாலூட்டிகளின் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தவர். மனச்சோர்வு, தூக்கம், பசி என்று எதைப் பற்றிப் பேசினாலும் இன்று செரட்டோனின் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் அதை மூளையில் தேடத் தூண்டியது மனநோய் பற்றிய ஆராய்ச்சி அல்ல, கடற்சிப்பியின் தசை பற்றிய முனைவர் பட்ட ஆய்வு.

நியூயார்க்கில் பிறந்த ட்வாரோக், ஸ்வார்த்மோர் கல்லூரியில் பட்டம் பெற்று, 1949இல் ஹார்வர்டில் ஜான் வெல்ஷ் என்ற விலங்கியலாளரிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். பாறையில் நார்களால் ஒட்டி வாழும் மைட்டிலஸ் வகைச் சிப்பியில், அந்த நார்களை இழுத்துப் பிடிக்கும் தசை ஒன்று உண்டு. ஒருமுறை சுருங்கிவிட்டால், மிகக் குறைந்த ஆற்றலில் நெடுநேரம் இறுக்கமாகவே நிற்கக்கூடியது அது. சுருங்கச் செய்வது அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். பிடியைத் தளர்த்துவது எது என்பதுதான் கேள்வி. செரட்டோனின் என்று ட்வாரோக் காட்டினார். 1952இல் அவர் அனுப்பிய கட்டுரை 1954இல்தான் அச்சேறியது.

செரட்டோனின் அதற்கு முன்பே அறிமுகமானதுதான். இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் குடலில் கண்ட எண்டரமின் என்ற பொருளும், கிளீவ்லாந்து கிளினிக்கில் மாரிஸ் ரேப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் 1948இல் மாட்டு இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செரட்டோனினும் ஒன்றே எனப் பின்னர் தெரிந்தது. இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள் என்ற அளவில்தான் மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள்.

1952இல் குடும்பக் காரணங்களால் ஒஹாயோ மாநிலத்துக்கு இடம்பெயர்ந்த ட்வாரோக், பேஜை அணுகினார். முதுகெலும்பில்லா உயிரிகளில் நரம்புச் செய்தியைக் கடத்தும் பொருள் முதுகெலும்புள்ளவற்றிலும் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். இரத்த அழுத்த ஆய்வில் பெயர்பெற்ற பேஜ் அதை நம்பவில்லை. ஆனாலும் ஓர் ஆய்வறையும் உதவியாளரும் கொடுத்தார். அவநம்பிக்கையோடு செய்த உதவி என்றாலும் அறிவியலில் அது பெரிய கொடைதான். மட்டியின் இதயம் மிகக் குறைந்த அளவு செரட்டோனினுக்கும் துடிப்பை மாற்றும். அந்த இதயத்தையே அளவுகருவியாக்கி, திசுச் சாறுகளை ட்வாரோக் சோதித்தார். மூளையிலும் செரட்டோனின் இருந்தது. 1953இல் பேஜுடன் சேர்ந்து முடிவை வெளியிட்டார்.

அடுத்த ஆண்டே வூலி, ஷா என்ற இரு ஆய்வாளர்கள் செரட்டோனினை மனநோயோடு தொடர்புபடுத்தினர். மூளையில் அதன் செயல்பாட்டை மாற்றும் மருந்துகள் பின்னர் வந்தன. அவற்றில் ஒன்றான ஃபுளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செரட்டோனின் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற எளிய விளக்கமும் அப்போது பரவியது. அதற்குச் சீரான சான்று இல்லை என்று 2022இல் வெளியான விரிவான மீளாய்வு ஒன்று கூறியது. மருந்து பயன் தருகிறதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உடலில் உள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அது இரத்தத்தின் வழியே மூளைக்குள் நுழைவதில்லை. தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து மூளை தானே ஆக்கிக்கொள்கிறது.

இந்த விவாதங்களுக்கெல்லாம் முன்பே, ட்வாரோக் 1954இல் கிளீவ்லாந்தை விட்டுச் சென்றார். டஃப்ட்ஸ், ஹார்வர்டு, ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகங்களில் சிப்பித் தசை ஆய்வையே தொடர்ந்தார். நச்சு நுண்பாசியைத் தின்னும் சிப்பி இனங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற கேள்வியும் அவரை ஈர்த்தது. மனிதரை முடக்கும் சாக்ஸிடாக்ஸின் நஞ்சை இருவோட்டு மெல்லுடலிகளின் நரம்புகள் தாங்குவது பற்றி 1972இல் சக ஆய்வாளர்களுடன் எழுதினார். பிற்காலத்தில் மெய்ன் மாநிலத்தின் பிகலோ கடலாய்வுக் கூடத்தில் அந்த ஆய்விலேயே ஈடுபட்டிருந்தார்.