காற்றின் கணக்கு

2022ஆம் ஆண்டு டிசெம்பர் 8ஆம் நாள் இலங்கையின் வானம் மங்கிற்று. வங்கக் கடலிலே 'மண்டோஸ்' புயல் சுழன்றுகொண்டிருந்தது. இந்திய நிலப்பரப்பின் மாசு காற்றோடு வந்து எம்மீது கவிந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வளி சுவாசத்துக்கு ஒவ்வாததென அறிவித்தார்கள். மறுநாள் பாடசாலைகள் மூடப்பட்டன. நெல்லியடியில் வாழும் நாம் கிணற்று நீரின் உவர்ப்பை நாவினால் அறிவோம். காற்றின் நஞ்சை எதனால் அறிவது?

இக்கேள்விக்கு ஒரு சரித்திரமுண்டு. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை நிலக்கரிப் புகை மூடிக் கிடந்தது. வெண்ணிறத் தாளினூடே காற்றை இழுத்து, அதிற் படியும் கறையின் கருமையைக் கொண்டு புகையை மதிப்பிடும் எளிய முறை அங்கே முன்னரே வழக்கிலிருந்தது. புகைக் கணக்கையும் மரணக் கணக்கையும் அருகருகே வைத்தபோது, ஏறத்தாழ 4,000 உயிர்கள் மேலதிகமாகப் பறிபோனமை புலனாயிற்று. அதற்குப் பிந்திய வாரங்களில் நேர்ந்த மரணங்களை இன்புளுவென்சாவின் தலையிற் சுமத்தினர் ஆட்சியாளர். பிற்கால ஆய்வாளரோ மொத்தத் தொகை 12,000 வரை இருக்கலாம் என்றனர். எனினும், மறைக்கவொண்ணாத அந்த எண்களே 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறக்கத் துணை நின்றன.

நமது புகைக்குக் கணக்கெழுதியவர் யார்? 1990இன் பின் மின்சாரமும் எரிபொருளும் மறுக்கப்பட்ட குடாநாட்டிலே, சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின வாகனங்கள். போத்தல் விளக்கின் கரும்புகையிலே படித்துப் பரீட்சை எழுதியது ஒரு தலைமுறை. பச்சை விறகையும் பனை மட்டையையும் ஊதி ஊதிக் கண் சிவந்த தாய்மாரின் குசினியோ அதற்கும் முந்தியது. வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் மக்கள் இறந்தனரென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடுப்பருகே நிற்பவர் பெண்கள். அவர்தம் இடுப்பிலே குழந்தைகள்.

இன்று, உள்ளங்கையில் அடங்கும் கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. லேசர் ஒளியைத் துணிக்கைகள் சிதறடிக்கும் அளவைக் கொண்டு இவை கணக்கிடுகின்றன. வாங்குவோர் முதலில் நோக்கவேண்டியது, 2.5 மைக்கிரோனுக்கு உட்பட்ட நுண்துணிக்கையை அது காட்டுகிறதா என்பதே. தலைமயிரின் தடிப்பில் முப்பதிலொரு பங்கேயான இத்துணிக்கைதான் சுவாசப்பையின் ஆழம்வரை இறங்குவது. மலிவான சில கருவிகள் காபனீரொட்சைட்டை உண்மையில் அளப்பதில்லை. வேறு வாயுக்களிலிருந்து ஊகித்து ஓர் எண்ணைக் காட்டுகின்றன. வகுப்பறையின் காற்றோட்டத்தை அறிய விரும்புவோர் இதில் ஏமாறலாகாது.

பயன்படுத்தும் முறையும் முக்கியமானது. வீட்டினுள்ளே, மூக்கின் உயரத்தில், அடுப்புக்குச் சற்று விலக்கி வைக்கவேண்டும். வெளியிலாயின் வெயிலும் மழையும் படாத தாழ்வாரம் ஏற்றது. எமது மாரிகாலத்து ஈரத்திலே நீர்த்திவலையையும் தூசியென எண்ணிக் கருவி மிகைப்படக் காட்டும். ஆதலால் ஒரு கணத்து எண்ணைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். சமைக்குமுன், சமைக்கையில், சமைத்தபின் எனக் குறித்து, நாட் சராசரியைக் காணவேண்டும். இரு கருவிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் நன்று.

அந்தச் சராசரியை எதனோடு ஒப்பிடுவது? ஒரு நாளின் சராசரி, கனமீற்றருக்கு 50 மைக்கிரோகிராம் வரை இருக்கலாமென்பது 2008இல் இலங்கை வகுத்த நியமம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் விதித்ததோ 15. இவ்விரண்டுக்குமிடையே நிற்கும் காற்றைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. குழந்தையின் சுவாசப்பை பொறுக்குமா?

வசதியுள்ளவன் கருவியை வாங்குவான். எண் ஏறினால் கதவை அடைத்துக்கொள்வான். சந்தியில் மரக்கறி விற்பவள் எந்தக் கதவை அடைப்பாள்? எனவே கருவி தனிவீட்டின் அலங்காரப் பொருளாகிவிடலாகாது. ஆசிரியர்கள் கூடிப் பாடசாலைக்கு ஒன்று வாங்கட்டும்; மாணவர் நாள்தோறும் சந்தியிலும் சந்தையிலும் குசினியிலும் அளந்து ஏட்டிலே பதியட்டும். குப்பை எரிப்பதை நிறுத்தவும், புகையில்லா அடுப்பு கோரவும் பிரதேச சபையின் முன்னே செல்லும்போது அந்த ஏடு நம் கையில் இருக்கவேண்டும்.