டோண்டோவின் உடைந்த ஆங்கிலம்

போன வருடம் கம்பெனி விருந்து நாடகத்தில் எனக்குக் காவலாளி வேடம் கொடுத்தார்கள். உடைந்த மலாயில் நாலு வசனம். டிப்பார்ட்மெண்டில் நான் ஒருத்தன்தான் இந்தியன், வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? செய்தேன். நல்ல கைதட்டல். ராத்திரி தூக்கம்தான் வரல.

அந்த வாரம் யூடியூபில் 'தி லோன் ரேஞ்சர்' பார்க்க ஆரம்பித்தேன். முகமூடி போட்ட வெள்ளைக்கார வீரன், அவனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை, கூடவே டோண்டோ என்ற செவ்விந்தியத் தோழன். 1933இல் வானொலியில் தொடங்கிய கதை. அங்கே டோண்டோவுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வெள்ளைக்காரர். 1949இல் ஏபிசி தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்த வேடம் ஜே சில்வர்ஹீல்ஸ் என்ற பூர்வகுடி நடிகருக்குக் கிடைத்தது. ஆனால் வசனம் மாறவில்லை. 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் டோண்டோ 'என்னை' என்பான். ஸ்பானிய மொழியில் 'டோண்டோ' என்றால் முட்டாள் என்று அர்த்தம்.

ஏன் இவர் ஒத்துக்கொண்டார் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

சில்வர்ஹீல்ஸ் 1912இல் கனடாவின் ஒண்டாரியோவில், சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி நிலத்தில் பிறந்த மொஹாக் இனத்தவர். இயற்பெயர் ஹெரால்ட் ஸ்மித். அப்பா முதல் உலகப் போரில் கனடியப் படையில் பதக்கம் வாங்கியவர். மகன் பெயர் பெற்ற லக்ரோஸ் ஆட்டக்காரர், குத்துச்சண்டையும் தெரியும். ஆட்டத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் போன இடத்தில் நகைச்சுவை நடிகர் ஜோ ஈ. பிரவுன் அவரை நடிக்கச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர், சண்டைக் காட்சியில் டூப் என்றுதான் ஆரம்பம். 1950இல் 'புரோக்கன் ஆரோ' படத்தில் ஜெரோனிமோவாக வந்தார்.

'லோன் ரேஞ்சர்' 1957 வரை 221 பகுதிகள் ஓடியது. நடுவில் 1952இல் கதாநாயகன் கிளேட்டன் மூரை எடுத்துவிட்டு ஜான் ஹார்ட்டைப் போட்டார்கள். முகமூடிக்குள் யார் இருந்தால் என்ன என்று நினைத்தார்கள் போல. 1954இல் மூர் திரும்பி வந்தார். டோண்டோவுக்கு முகமூடி கிடையாது. கடைசிவரை அதே சில்வர்ஹீல்ஸ்தான்.

தொடர் முடிந்ததும் வாய்ப்புகள் சுருங்கின. ஜானி கார்சன் நிகழ்ச்சியில், வேலை தேடி வரும் டோண்டோவாக அவரே வந்து சிரிக்க வைத்தார். முப்பது வருஷ விசுவாசத்துக்கு என்ன கிடைச்சதுன்னு அந்த டோண்டோ புலம்புவான். சிரிச்சேன், ஆனா உள்ளே குத்துச்சு.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். 1960களில் லாஸ் ஏஞ்சலஸின் எக்கோ பார்க் பகுதியில் பூர்வகுடிகளுக்கென்று ஒரு நடிப்புப் பட்டறையைத் தொடங்கினார். அன்றைக்கு வெஸ்டர்ன் படங்களில் பூர்வகுடி வேடத்தைப் பல சமயம் முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர்களே செய்தார்கள். "பயிற்சி பெற்றவர்கள் உங்களில் யாரும் இல்லையே" என்று இனி யாரும் கைவிரிக்க முடியாதபடி ஆள் தயார் செய்தார். டோண்டோ தேடித்தந்த பெயரை அதற்குத்தான் செலவழித்தார்.

1979இல் ஹாலிவுட் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தார்கள். அடுத்த ஆண்டு மார்ச்சில், 67 வயதில் இறந்தார்.

அந்த வேடத்தை அவர் ஏற்றது சரியா தப்பா என்று தீர்ப்பு சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை. வசனத்தை எழுதியவர்கள் வேறு ஆட்கள். பேசிய வாய் மட்டும்தான் அவருடையது.

இந்த வருட விருந்துக்கும் கூப்பிடுவார்கள். ஸ்கிரிப்டை நான் எழுதுறேன்னு இந்தத் தடவை கேட்டுப் பார்க்கணும்.